எல்லைக்கல்லில் அவிழ்த்த சங்கிலி

பொம்மிடியில் நான் வேலை பார்த்த மரவாடியில் போன மாதம் பழைய இரும்புச் சங்கிலிகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். இனிமேல் மரம் ஏற்றுகிற லாரிகளுக்கு மஞ்சள் நிற பெல்ட்தானாம். கைப்பிடியை நாலு தரம் இழுத்தால் போதும், இறுகிக்கொள்கிறது. நல்லதுதான். சங்கிலி இழுத்து இழுத்துத் தோள்பட்டை தேய்ந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு எங்கள் டிரைவர் சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து, சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், சங்கிலிக் காலத்தில் நான் எத்தனையோ பார்த்திருப்பேன், எழுதித் தர வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

எத்தனையோ ஒன்றும் பார்க்கவில்லை. லாரி டிரைவர் தன் ஆயுளில் அதிகம் பார்ப்பது முன்னால் போகிற லாரியின் முதுகைத்தான். ஆனால் ஒன்றைப் பார்த்தேன். அது நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. காலம் போனால் எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. 

நான் வண்டிக்கு வந்த கதை ஒன்றும் புராணம் அல்ல. கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, சில வருடம் பாலக்கோட்டு மண்டியிலிருந்து தக்காளி லோடு அடித்தேன். பிறகு கூடுதல் சம்பளம் என்று மரவாடிக்கு வந்தேன். வந்த புதிதில் இரண்டும் லோடுதானே என்று நினைத்தேன். தக்காளி சரிந்தால் ரசம், மரம் சரிந்தால் கருமாதி என்று எனக்குச் சொன்னவர் திம்மராயன்.

திம்மராயன் எங்கள் மரவாடியின் லோடு மேஸ்திரி. எந்த லாரியும் அவர் தலையாட்டாமல் வாசல் தாண்டாது. கர்நாடக எல்லைப் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களோடு தமிழ் பேசினாலும் முக்கியமான இரண்டு வார்த்தைகளை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. "பேடா" என்றால் வேண்டாம். "சாகு" என்றால் போதும். மரவாடியில் பாதி நாள் இந்த இரண்டு சொல்லிலேயே ஓடிவிடும்.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. கட்டு சரியில்லை என்றால், "பேடா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, புங்க மரத்தடியில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். நாங்கள் முழுவதையும் பிரித்து, திரும்ப ஏற்றி, திரும்பக் கட்டும்வரை அந்த முதுகு திரும்பாது. நாலு வார்த்தை கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டால்கூடத் தேவலாம் என்று இருக்கும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது அத்தனை கொடுமை.

எங்கள் லாரிகள் பக்கப் பலகை இல்லாத மொட்டைத் தட்டு வண்டிகள். தட்டின் இரண்டு ஓரத்திலும் துளை இருக்கும். அதில் இரும்புத் தூண்களைச் செருகினால் மரம் பக்கவாட்டில் உருளாது. கேபினுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தடுப்பு உண்டு. மரம் முன்னால் பாய்ந்தால் டிரைவருக்கும் அதற்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான். பின்பக்கம் ஒன்றுமே கிடையாது. மரம் பின்னால் நழுவாமல் பிடித்துக்கொள்வது சங்கிலி மட்டுமே.

ஏற்றுவதற்கு முன்னால் தட்டைக் கூட்டச் சொல்வார். பட்டைத் தூளும் ஈர மண்ணும் கிடந்தால் மரம் அதன்மேல் வழுக்கும். பெரிய மரம் அடியில், சின்னது அவற்றின் பள்ளத்தில். எல்லாம் படிந்தபிறகு முன்னால், நடுவில், பின்னால் என்று சங்கிலி போட்டு, வளையத்தில் கம்பியைக் கொடுத்துத் திருகி இறுக்குவோம். அதோடு விட மாட்டார். சுண்ணாம்பைக் குழைத்து, மரத்தின்மேல் தொடங்கித் தூண்வரைக்கும் ஒரே கோடாக இழுப்பார். பிறகு மரவாடிக்குள்ளேயே வண்டியைக் கொஞ்சம் வேகமாக எடுத்துச் சட்டென்று பிரேக் அடிக்கச் சொல்வார். இறங்கிப் பார்த்தால் மரத்திலிருக்கும் கோடும் தூணிலிருக்கும் கோடும் நேராக இருக்க வேண்டும். விரல்கடை விலகியிருந்தாலும் பேடாதான். விலகவில்லை என்றால் சாகு. அப்புறமும் ஒன்று உண்டு. ரயில்வே கேட் தாண்டி முதல் டீக்கடையில் நிறுத்தி, இன்னொரு தரம் சங்கிலியை இறுக்க வேண்டும். ஓடுகிற ஓட்டத்தில் மரம் அமுங்கும், அமுங்கினால் சங்கிலி தளரும் என்பது அவர் கணக்கு. வேறு மரவாடி டிரைவர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் முடிந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

அந்தக் கேலி ஒருநாள் நின்றது. தொப்பூர் இறக்கத்தில் எனக்கு முன்னால் போன ஒரு தைலமர லாரி அவசரமாகப் பிரேக் அடித்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவர் உட்கார வேண்டிய இடத்தில் மரம் உட்கார்ந்திருந்தது. இதைவிட விளக்கமாக நான் எழுத மாட்டேன். முன் கண்ணாடி முழுவதும் போயிருந்தது. அதற்கு மேலே கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் மட்டும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அன்றைக்கு என்னோடு வந்திருந்த திம்மராயன் நேராகப் போய் அந்த லாரியின் சங்கிலியை எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சங்கிலி அறுந்து போகல மாதேசு. தளந்து போயிருக்குது, அவ்வளவுதான்" என்றார்.

அறுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இரும்பு கைவிட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இரும்பு முழுசாக இருந்தது. அதன்பிறகு டீக்கடையில் நிறுத்தி இறுக்க எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி அந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிறது என்பது போதும். அந்த ஊர் மாரியம்மன் தேர் கறையான் அரித்து இற்றுப்போய்விட்டதால் புதுத் தேர் செய்ய முடிவு செய்திருந்தார்கள். அடிச்சட்டத்துக்கு எங்கள் மரவாடியில் நீளமான இலுப்பை மரம் இரண்டு எடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். பட்டை உரித்து, வழவழவென்று இருந்தன.

ஏற்றுவதற்கு ஊரிலிருந்தே ஆட்கள் வந்திருந்தார்கள். செருப்புக் காலோடு மரத்தின்மேல் ஏறக் கூடாது என்றார்கள். திம்மராயன் முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றினார். மஞ்சளும் சந்தனமும் பூச வேண்டும் என்றார்கள். பூசிக்கொள்ளுங்கள், சங்கிலி படுகிற இடத்தில் மட்டும் வேண்டாம் என்றார். மரத்துக்கும் கேபின் தடுப்புக்கும் நடுவே கலசம் வைக்க ஒரு முழம் இடம் கேட்டார்கள். அதற்கு அவர் ரொம்ப நேரம் யோசித்தார். மரம் தடுப்பை ஒட்டித்தான் இருக்க வேண்டும், இடைவெளி விட்டால் மரம் வேகம் எடுத்து வந்து இடிக்கும். கடைசியில், சங்கிலி ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டு, சரி என்றார். சங்கிலிக்கு அடியில் சாக்கு மடித்து வைத்தார். சுண்ணாம்புக் கோடு இழுத்தார், பிரேக் அடிக்கச் சொன்னார், கோடு விலகவில்லை. சாகு என்றார். சாமி காரியம் என்று அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் ஒரு குறையும் இல்லை. ஊர் எல்லையை நெருங்கும்போதே பம்பைச் சத்தம் கேட்டது. எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, ஊரே திரண்டு நின்றது. அந்தக் கல்லுக்கு அந்தப்பக்கம் சிமென்ட் ரோடு செங்குத்தாக ஏறி, நடுவில் ஒரு வளைவு வளைந்து, மேட்டில் இருக்கும் கோயிலுக்குப் போகிறது. ஏற்றத்தைப் பார்த்ததும் நான் கீர் மாற்றத் தயாரானேன். பூசாரி கையைக் காட்டி நிறுத்தினார். வயசானவர், மெலிந்த தேகம், குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

சங்கிலியை அவிழ்க்க வேண்டும் என்றார்.

கோயிலில் போய் அவிழ்க்கிறோம் என்றேன். இல்லை, இங்கேயே அவிழ்க்க வேண்டும் என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார்.

"சாமிக்குன்னு வர்றது எதுவும் கட்டோட எல்லைக்குள்ள வரக்கூடாதுங்க. கெடாவா இருந்தாலும் இந்தக் கல்லுலதான் கயித்த அவுத்து வுடுவோம். அதுவா நடந்து வரணும். கட்டி இழுத்துட்டு வந்தா ஆத்தா ஏத்துக்க மாட்டா."

"கெடாவுக்குக் காலு இருக்குதுங்க" என்றார் திம்மராயன்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கட்டில்லாமல் இந்த மேட்டில் ஏறினால் மரம் பின்னால் நழுவும் என்று அவர் எடுத்துச் சொன்னார். பின்னால் நழுவினால் என்ன, கீழே விழும், தூக்கி வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்படியென்றால் லாரிக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது, எல்லாரும் முன்னால் மேலே ஏறிப் போய்விடுங்கள் என்றார். அது முடியாது என்றார் ஊர்க்கவுண்டர். தேர் மரம் முதல் முதலாக எல்லை தாண்டும்போது அதற்கு முன்னால் மனுஷக் கால் படக் கூடாது. மேளக்காரர்கள் உட்பட எல்லாரும் பின்னால்தான் வர வேண்டும். அது அந்த ஊர் வழக்கம்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். லாரிக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள். இடுப்பில் குழந்தைகள். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஆண்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, எப்போது லாரி நகரும், மரத்தைத் தொட்டுக் கும்பிடலாம் என்று நிற்கிறார்கள். அந்த இரண்டு மரமும் இவர்கள்மேல் சரிந்து வந்தால் என்று நினைத்தேன்.  இத்தனை பேருக்கும் அது தெரியவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரும் முட்டாள்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தேர் ஓட்டுகிற ஊர். ஆனால் தேர் ஓடும்போது சரிவில் ஏறாது, அதன் பாரம் சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கும். பாரம் தனியாகப் புறப்பட்டு வரும் என்பதை அவர்கள் பார்த்ததில்லை.

மரத்தை இறக்கித் தேர் வடத்தால் இழுத்துப் போகலாமே என்றார் திம்மராயன். வடம் கட்டினால் அதுவும் கட்டுதான் என்றார் பூசாரி. முதலாளிக்குப் போன் போட்டோம். ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், அவர்கள் சொன்னபடி செய்துவிட்டு வாருங்கள் என்றார் அவர். ஊரோடு ஒத்து வாழ் என்று பழமொழி வேறு சொன்னார். அவருக்கென்ன, ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

திம்மராயன் "பேடா" என்று சொல்லிவிட்டு எங்காவது போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உட்காரவில்லை. மேட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த நெல் களத்தைப் பார்த்தார். பிறகு என் கதவருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

"களத்துல வண்டியத் திருப்பிக்கலாம். ரிவர்ஸ்ல ஏத்து."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ரிவர்ஸில் ஏறினால் வண்டியின் வால் மேட்டுப் பக்கம், கேபின் பள்ளத்துப் பக்கம். மரம் நழுவினால் ஊர்மேல் வராது. இரும்புத் தடுப்பில் வந்து மோதும். தடுப்புக்கு இந்தப்பக்கம் என் முதுகு.

"தடுப்பு தாங்கும். தாங்கலைன்னா நாம ரெண்டு பேரு. நேரா ஏறுனா அங்க பாரு" என்று கூட்டத்தைக் காட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை மறைப்பானேன். இவர்கள் கும்பிடுகிற சாமிக்கு என் முதுகா முட்டு என்று கேட்டேன். எனக்கும் வூடு இருக்குது, ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள் இருக்குது என்று கத்தினேன். அவர் சுற்றிப் போய், இடப்பக்கக் கதவைத் திறந்து, என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். 

வண்டியின் வால்பக்கம் முன்னால் ஏறிப் போவது பூசாரிக்குச் சம்மதமா என்று கேட்டோம். மரத்தின் நுனி முன்னால் போவதுதான் முறை, லாரிக்குத்தான் அது தெரியாமல் இத்தனை நேரம் அடி முன்னால் வந்திருக்கிறது என்று அவர் மகிழ்ந்துபோனார். களத்தில் வண்டியைத் திருப்பினேன். திம்மராயன் கீழே இறங்கி, கலசத்தை எடுத்துவிட்டு அந்த ஒரு முழ இடைவெளியில் ஸ்டெப்னி டயரை வைக்கப் போனார். பூசாரி தடுத்தார். அப்போது எங்களுக்காகப் பேசியவர் சின்னசாமி என்பவர். அந்த ஊர்த் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் அவர்தான். தேருக்குத் தான் போடுகிற கட்டை மாதிரிதான் இதுவும், இது கட்டு இல்லை, தடை என்று அவர் சொன்னதை ஊர் ஒத்துக்கொண்டது. டயர் உள்ளே போனது. தேருக்குப் போடும் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சின்னசாமி பின்சக்கரத்தின் அருகில் நின்றார்.

தேர் வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் தள்ளித்தான் எல்லாரும் வர வேண்டும் என்று திம்மராயன் ஊர்க்கவுண்டரிடம் வாக்கு வாங்கினார். அதன் பிறகுதான் சங்கிலியை அவிழ்க்கவிட்டார். ஒவ்வொன்றாக அவிழ்த்து எல்லைக்கல்லின்மேல் போட்டார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

ரிவர்ஸ் கீர் போட்டேன். லாரி முனகிக்கொண்டு பின்னால் ஏறியது. வழக்கமாக வண்டி ஓட்டும்போது முன்னால் ரோடு இருக்கும். அன்றைக்கு முன்னால் ஊர் இருந்தது. அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்தன. பம்பை அடிக்கிறவர்கள், குலவை போடுகிறவர்கள், அருள் வந்து ஆடுகிற ஒரு கிழவர். முதலில் சொன்ன தூரத்தில்தான் வந்தார்கள். போகப் போக நெருங்கினார்கள். திம்மராயன் ஜன்னல் வழியாகக் கையை வீசித் தள்ளிப் போகச் சொன்னார். அதையும் வீடியோ எடுத்தார்கள்.

வளைவுக்கு வந்தபோது பச்சைச் சேலை கட்டிய ஓர் இளம்பெண் கூட்டத்தைத் தாண்டி பம்பருக்கு அருகில் வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, மற்றக் கையில் குடம். லாரி எல்லைக்கு வருவதற்குச் சற்று முன்பே ரோடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பின்சக்கரம் அந்த ஈரத்தில் ஏறியதும் சுழன்றது. ஒரு தரம் வழுக்கியது. நான் கிளட்சைச் சமாளிப்பதற்குள் எஞ்சின் அணைந்தது. வண்டி கீழே உருள ஆரம்பித்தது. கீழே என்றால் அந்தப் பெண் நிற்கிற பக்கம்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். சறுக்குகிறபோது அந்தப் பழமொழி நினைவுக்கு வருவதில்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும், மரம் நிற்காது. மிதிக்காவிட்டால் பம்பருக்கு அடியில் அவளும் குழந்தையும். நான் மிதித்தேன். அதே நேரத்தில் திம்மராயனின் கையும் என் முழங்காலைப் பிடித்து அழுத்தியது. யார் முந்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வண்டி நின்றது. பின்னால் மரம் கிளம்பியது கேட்டது. முதலில் ஓர் உராய்வு, அப்புறம் ஒரு வெடி. வெடித்தது ஸ்டெப்னி டயர். கேபினின் பின் கண்ணாடி நொறுங்கி என் கழுத்தில் கொட்டியது. பின்தகரம் புடைத்து வந்து சீட்டைத் தள்ளியது. ஸ்டியரிங் என் நெஞ்சில் வந்து குத்தியது. மூச்சு விட முடியவில்லை. இவ்வளவுதான், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மரம் அங்கேயே நின்றுவிட்டது. டயர் நசுங்கி, தடுப்பு வில்லாக வளைந்து, அதற்குமேல் வரவில்லை.

திம்மராயனைப் பார்த்தேன். அவர் பக்கத்துத் தகரம் கிழிந்து தோளில் அடித்திருந்தது. கை துவண்டு தொங்கியது.  நல்ல கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டிருந்தார். வெளியே சின்னசாமி சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டார்.

பம்பை நின்றிருந்தது.  பச்சைச் சேலைக்காரி பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். குடம் கீழே விழுந்து உடைந்திருந்தது. குழந்தை அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் எங்கேயோ ஒருவர், ஆத்தா காப்பாத்திட்டா என்றார். இரண்டு மூன்று பேர் குலவை போட ஆரம்பித்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் மரம் நிற்கிறது, பக்கத்தில் ஒருவர் தோள் உடைந்து கிடக்கிறார், இவர்கள் குலவை போடுகிறார்கள். மரம் வந்து மோதியதைவிட அந்தச் சத்தம்தான் என்னை உலுக்கியது.

திம்மராயன் கதவை உதைத்துத் திறந்து இறங்கினார். அந்தப் பெண் அவரிடம் வந்தாள். வளைந்துபோன தடுப்பையும் அதில் முட்டிக்கொண்டு நிற்கும் மரத்தையும் பார்த்தாள்.

"அண்ணா, வண்டி நேரா ஏறியிருந்தா இந்த மரம் எங்க வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

அவர் நல்ல கையை நீட்டி அவள் நின்ற இடத்தைக் காட்டினார். பிறகு அதே கை, குலவை போட்டவர்கள் நின்ற இடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது. குலவை நின்றது. அவள் குழந்தையை ஓர் இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பூசாரியின் பக்கம் திரும்பினாள்.

"கட்டுங்கப்பா" என்றாள்.

அவள் பூசாரியின் மகள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திருவிழாவுக்காகப் புருஷன் வீட்டிலிருந்து வந்திருக்கிறாள். இடுப்பில் இருந்தது அவருடைய பேரன். கட்டாமல் இந்த மரம் இன்னும் ஓர் அடி நகர்ந்தால் இங்கேயே ரோட்டில் படுத்துக்கொள்வேன் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஊர் முழுக்கக் கேட்டது.

பூசாரி யாரையும் பார்க்கவில்லை. வெறும் காலோடு தனியாக எல்லைக்கல்லுவரை இறங்கிப் போனார். சங்கிலி ஒன்றை எடுத்துத் தோளில் போட்டார். இளவட்டங்கள் ஓடிப்போய் வாங்கப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை. அந்த வயசில், அந்த மேட்டில், அந்தப் பாரத்தோடு, நின்று நின்று ஏறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. லாரியின் பக்கத்தில் வந்து சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.  எப்படிக் கட்ட வேண்டும் என்று திம்மராயனிடம் கேட்டார்.

திம்மராயன் ஒரு கையால் காட்டக் காட்ட, பூசாரியும் சின்னசாமியும் கட்டினார்கள். மற்றச் சங்கிலிகளையும் ஆண்கள் ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். கூட்டம் தானாகவே தூரமாகக் கீழே விலகிப்போய் நின்றுகொண்டது. கம்பியைக் கொடுத்துத் திருகி இறுக்கினார்கள். திம்மராயன் சங்கிலிக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. சாகு என்றார்.

இதையெல்லாம் நான் கண்ணாடியிலும் உடைந்த ஜன்னலிலும் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் என் கதவருகே வந்தார்.

"மாதேசு, கட்டியாச்சு. கால எடு" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நேரமும் நான் பிரேக்கை மிதித்தபடியே இருந்திருக்கிறேன். எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. முழங்காலுக்குக் கீழே இருந்தது என் கால் மாதிரியே இல்லை. எடுத்துவிட்டால் அந்தப் பெண்மேல் போய்விடும் என்று அவரிடம் சொன்னேன். அவள் கீழே தூரமாக நிற்கிறாள், பார் என்றார். பார்த்தேன். நின்றாள். அப்போதும் கால் வரவில்லை. திம்மராயன் கதவைத் திறந்து, குனிந்து, உடைந்த தோளோடு நல்ல கையை உள்ளே விட்டு, என் கணுக்காலைப் பிடித்துத் தூக்கி, பெடலிலிருந்து இந்தப்பக்கம் எடுத்து வைத்தார்.